விலக்கா, பச்சை வழியா, முப்பது நாளா? கம்பெனி கைமாறும் முன் எடுக்கவேண்டிய ஒரு முடிவு

"மக்களே, நம்ம கம்பெனிய நம்ம விக்கதுக்கு டெல்லியில எதுக்குக் கேக்கணும்?"

கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் பெரியவர் இப்படிக் கேட்டபோது என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. நியாயமான கேள்விதான். ஒரு ஏக்கர் ரப்பர் தோட்டத்தை விற்றால் பத்திரப்பதிவு அலுவலகத்தோடு காரியம் முடிகிறது. நாற்பது வருடம் பாடுபட்டு வளர்த்த கம்பெனியை விற்க மட்டும் இந்தியப் போட்டி ஆணையத்தின் வாசலில் ஏன் நிற்க வேண்டும்? கம்பெனி இணைப்புகளிலும் கையகப்படுத்தல்களிலும் போட்டிச் சட்ட ஆலோசனை சொல்வது என் வேலை. ஊருக்கு வரும்போதெல்லாம் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவில் வந்துவிடுகிறது. அதனால் முடிவெடுக்க உதவும்படி வழிகளை ஒப்பிட்டு எழுதிவைக்கிறேன்.

உண்மையான கட்சிக்காரர்களின் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது. ஆகவே நான் சொல்லப்போகும் குடும்பமும் கம்பெனியும் அதன் கணக்கும் முழுக்கக் கற்பனை. சட்டமும் அதன் எண்களும் உண்மை.

கம்பெனி ரப்பர் பாலில் கையுறை செய்கிறது. அருமனை, திற்பரப்பு, கடையாலுமூடு பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பால் வருகிறது. மூன்று அண்ணன் தம்பிகளின் கச்சவடம். மொத்த விற்பனை வருடத்துக்கு 1,700 கோடி. அதில் 380 கோடி ஏற்றுமதி. நிலம், கட்டடம், இயந்திரம், சரக்கு எல்லாம் சேர்த்து ஏட்டில் உள்ள சொத்து 520 கோடி. வாங்க வருவது வெளிமாநிலத்தில் லேடெக்ஸ் மெத்தை செய்யும் ஒரு பெரிய குழுமம். விலை 900 கோடி. அக்டோபரில் பால் வரத்து கூடுமுன் கைமாற்றி முடிக்க வேண்டும் என்பது இரு தரப்பின் ஆசை. மாசி பங்குனியில் இலை உதிர்ந்து பால் குறையும், ஆனி ஆடியில் மழை பால்வெட்டைக் கெடுக்கும். அக்டோபர் முதல் ஜனவரி வரைதான் நல்ல வரத்து. அந்தப் பருவத்தை யார் கையில் வைத்திருக்கிறார்களோ அவர்களுக்குத்தான் அந்த வருட லாபம். அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது.

பெரியவரின் கேள்விக்குப் பதில் இதுதான். தோட்டத்தை விற்றால் சந்தையில் விற்பவர் எண்ணிக்கையோ வாங்குபவர் எண்ணிக்கையோ பெரிதாக மாறுவதில்லை. பெரிய கம்பெனி கைமாறினால் மாறலாம். பால் வாங்க நாலு பேர் நின்ற இடத்தில் மூன்று பேர் நின்றால், அருமனையில் விடிவதற்கு முன் எழுந்து வெட்டப் போகிறவருக்குக் கிடைக்கும் விலையில் அது தெரியும். அது நடந்து முடிந்த பிறகு சரிசெய்வது கடினம் என்பதால்தான், 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் பெரிய கைமாற்றங்களை முன்கூட்டியே தெரிவிக்கச் சொல்கிறது. அந்தப் பிரிவுகள் நடைமுறைக்கு வந்தது 2011 ஜூன் 1 முதல். 2023இல் திருத்தம் வந்து, இணைப்பு சம்பந்தப்பட்ட மாற்றங்கள் 2024 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கின்றன. பழைய எண்களை வைத்துக் கணக்குப் போடும் ஆலோசகர்களை இன்னும் பார்க்கிறேன். அது ஆபத்து.

முதலில் பார்க்க வேண்டியது, தெரிவிக்கவே வேண்டாத வழி இருக்கிறதா என்பது. வாங்கும் தரப்பும் விற்கப்படும் கம்பெனியும் சேர்ந்து இந்தியாவில் 2,500 கோடி சொத்தையோ 7,500 கோடி விற்றுமுதலையோ தாண்டினால் பொதுவாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். குழுமமாகப் பார்த்தால் 10,000 கோடி சொத்து அல்லது 30,000 கோடி விற்றுமுதல். நம் உதாரணத்தில் மெத்தைக் குழுமம் பெரியது, அதனால் வரம்பைத் தாண்டியாயிற்று. ஆனால் விற்கப்படும் கம்பெனி சிறியதாக இருந்தால் விலக்கு உண்டு. இந்தியாவில் அதன் சொத்து 450 கோடிக்கு மிகாமல், அல்லது விற்றுமுதல் 1,250 கோடிக்கு மிகாமல் இருந்தால் போதும். இரண்டில் ஒன்று போதும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

நம் ஊருக்கு மிக முக்கியமான ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. விற்றுமுதலைக் கணக்கிடும்போது மறைமுக வரிகள், வணிகத் தள்ளுபடி, குழுமத்துக்குள்ளேயே நடந்த விற்பனை, வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடமிருந்து வந்த தொகை ஆகியவற்றைக் கழித்துவிடலாம். முந்திரி, மீன், கயிறு, ரப்பர் என்று நம் மாவட்டத்தில் பெரிதாக வளர்ந்த தொழில்கள் பலவற்றுக்கும் ஏற்றுமதிதான் உயிர். ஆண்டறிக்கையில் 1,700 கோடி என்று பார்த்துப் பயந்துபோனவர், ஏற்றுமதியைக் கழித்தால் 1,320 கோடியில் நிற்கிறார். விலக்கு வரம்புக்கு இன்னும் 70 கோடிதான் அதிகம்.

அந்த 70 கோடியில்தான் சோதனை தொடங்குகிறது. கம்பெனி விநியோகஸ்தர்களுக்கு வருடம் 90 கோடி கொடுக்கிறது. ஏட்டில் அது 'விற்பனை ஊக்கத் தொகை' என்று செலவுப் பக்கம் எழுதப்பட்டிருக்கிறது. அதை வணிகத் தள்ளுபடி என்று சொல்லிக் கழித்தால் விற்றுமுதல் 1,230 கோடி. நோட்டீஸே வேண்டாம்! ஆடிட்டர் ஒரு சான்றிதழ் கொடுத்தால் போதும் என்று வீட்டில் எல்லோருக்கும் தோன்றும்.

நான் கேட்கும் கேள்வி ஒன்றே. அந்தத் தொகை உண்மையில் என்ன? பில் போடும்போதே பெட்டிக்கு இத்தனை ரூபாய் குறைத்துக் கொடுத்ததா, அல்லது விளம்பரத்துக்கும் கடை அலங்காரத்துக்கும் விற்பனைப் பையன்களின் சம்பளத்துக்கும் கொடுத்ததா? முதல் வகையாக இருந்து, ஒப்பந்தங்களும் அப்படியே சொன்னால், ஏட்டில் பெயர் மாறி எழுதியது பெரிய குற்றமில்லை. விலக்கை எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது வகை என்றால், விற்பனைப் பேச்சு தொடங்கிய பிறகு அதற்குப் புதுப் பெயர் வைப்பது தப்பு. ஏட்டை மாற்றி வாங்கிய விலக்கு, ஆடிட்டரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும். கணக்கைத் தோண்டிப் பார்த்ததில் நம் உதாரணத்தில் பாதிக்கு மேல் இரண்டாவது வகை. ஆக விலக்கு கிடையாது.

விலை 900 கோடி என்றேன். அது 2,000 கோடியைத் தாண்டி, இந்தியாவில் கணிசமான தொழிலும் இருந்தால் இந்தச் சிறு கம்பெனி விலக்கு உதவாது. 2024 செப்டம்பரில் வந்த புது வரம்பு அது. நம் கதைக்கு வேண்டாம்.

அடுத்தது பச்சை வழி. கிரீன் சேனல் என்று எல்லோரும் சொல்வது. 2019 ஆகஸ்டில் வந்தது. நோட்டீஸைத் தாக்கல் செய்து ஒப்புகை கையில் வாங்கிய அன்றே ஒப்புதல் கிடைத்ததாகக் கருதப்படும். அக்டோபர் பருவத்தை நினைத்துக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு இது எவ்வளவு இனிப்பான வழி என்று எனக்குத் தெரியும். நிபந்தனை ஒன்றுதான்: இரு தரப்புக்கும் எந்த ஓவர்லாப்பும் இருக்கக் கூடாது. ஒரே பொருளை இருவரும் விற்கக் கூடாது. ஒருவர் செய்வதை மற்றவர் மூலப்பொருளாக வாங்கும் தொடர் இருக்கக் கூடாது. ஒன்றோடொன்று சேர்ந்து விற்பனையாகும் பொருள்களாகவும் இருக்கக் கூடாது. கம்பெனிகளை மட்டும் பார்த்தால் போதாது, அவற்றின் குழும நிறுவனங்களையும் சார்பு நிறுவனங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

"அவங்க மெத்தை, நம்ம கையுறை. எங்க ஓவர்லாப்?" என்று தம்பி கேட்கிறார். மேலோட்டமாகப் பார்த்தால் சரிதான்.

இந்த இடத்தில்தான் என் வேலையின் பெரும்பகுதி நடக்கிறது. சட்டப் புத்தகத்தை விட பழைய பங்குப் பதிவேட்டைத்தான் அதிகம் புரட்டுகிறேன். இன்றைய விதிப்படி ஒரு நிறுவனத்தில் 10 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு அல்லது வாக்குரிமை இருந்தால் அது சார்பு நிறுவனம். பங்கு குறைவாக இருந்தாலும், இயக்குநர் குழுவில் ஆள் வைக்கும் உரிமை இருந்தாலோ, பார்வையாளராக ஒருவரை உட்கார வைக்கும் உரிமை இருந்தாலோ, அந்தக் கம்பெனியின் விலை, செலவு போன்ற உள்விவரங்களைப் பார்க்கும் உரிமை இருந்தாலோ அதுவும் சார்புதான்.

இப்போது குடும்பக் கணக்கைப் பாருங்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் மூத்தவரின் மருமகன் களியல் பக்கத்தில் ரப்பர் பாலைச் செறிவூட்டும் ஆலை தொடங்கினார். வங்கிக் கடன் கிடைக்கவில்லை. கல்யாணமான புதிது, மகள் வீட்டுக்காரர், எப்படி இல்லையென்று சொல்வது? கம்பெனியின் பெயரில் 15 சதவீதப் பங்கு எடுத்துப் பணம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு எல்லோரும் அதை மறந்தே போனார்கள். அந்த ஆலை செறிவூட்டிய பாலை விற்கிறது. மெத்தைக் குழுமம் அதே பொருளை டன் கணக்கில் வாங்குகிறது. போதுமே. மூலப்பொருளும் தயாரிப்பும் என்ற தொடர் வந்துவிட்டது. அந்தப் பக்கமும் தோண்டினால், மெத்தைக் குழுமத்துக்கு வடநாட்டில் மருத்துவமனைகளுக்குக் கையுறை சப்ளை செய்யும் ஒரு விநியோகக் கம்பெனியில் 11 சதவீதம் கிடக்கிறது. அதுவும் ஓவர்லாப்.

இரண்டும் சந்தையை அசைக்கும் அளவு பெரியவை அல்ல. ஆணையம் பார்த்தாலும் ஒப்புதல் கொடுக்கும் என்றே நினைப்பேன். ஆனால் பச்சை வழி ஓவர்லாப் சிறிதா பெரிதா என்று கேட்பதில்லை. இருக்கிறதா, இல்லையா என்பதுதான் கேள்வி. 'இல்லை' என்று எழுதிக் கொடுத்து, பின்னால் இருந்தது தெரியவந்தால், தரப்புகளைக் கேட்டுவிட்டு, அந்த ஒப்புதல் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று ஆணையம் சொல்லலாம். பச்சை வழியில் போய்ப் பிறகு அபராதம் கட்டிய வழக்குகள் இருக்கின்றன. கைமாறி, பெயர்ப்பலகை மாற்றி, தொழிலாளிகளுக்குப் புது அடையாள அட்டை கொடுத்து, ஒரு பருவமும் ஓடிய பிறகு 'செல்லாது' என்ற ஒரு சொல் என்ன பாடு படுத்தும் என்று யோசித்துப் பாருங்கள். முப்பது நாளை மிச்சம் பிடிக்கப் போய் மூன்று வருடம் தூக்கம் கெடும்.

நோட்டீஸ் கொடுப்பதும் கட்டணம் கட்டுவதும் வாங்குபவர் பொறுப்பு, அபராதமும் அவருக்குத்தானே என்று விற்பவர்கள் சொல்வார்கள். சட்டத்தின் எழுத்து அப்படித்தான். ஆனால் மருமகன் ஆலையின் பங்கைப் பற்றி உறுதிமொழி கொடுத்தது யார்? விற்பனை ஒப்பந்தத்தில் 'நாங்கள் கொடுத்த விவரம் தவறென்றால் நட்டம் எங்களுடையது' என்ற வரி அநேகமாக எப்போதும் இருக்கும். அபராதம் அந்த வரி வழியாகத் திண்ணைக்கு வந்து சேரும்.

மூன்றாவது வழி, படிவம் 1இல் சாதாரண நோட்டீஸ். கட்டணம் 30 லட்சம். இந்தக் கைமாற்றத்தால் போட்டி கெடுமா என்று ஆணையம் 30 நாளுக்குள் முதல்நோக்குக் கருத்துக்கு வர வேண்டும். திருத்தத்துக்கு முன் இது 30 வேலை நாள், இப்போது காலண்டர் நாள். மொத்த நடைமுறையின் உச்சவரம்பும் 210 நாளிலிருந்து 150 ஆகக் குறைந்திருக்கிறது. பயமுறுத்தும் அந்த 150 நாள் ஆழமான விசாரணைக்குப் போகும் சில வழக்குகளுக்குத்தான். நம் உதாரணம் போன்றவை முதல் கட்டத்திலேயே முடியக்கூடியவை.

இந்த வழியின் அழகு வேறொன்றில் இருக்கிறது. ஓவர்லாப்பை ஒளிக்க வேண்டியதில்லை, விளக்கினால் போதும். மருமகன் ஆலையின் 15 சதவீதத்தைச் சொல்லி, அந்த ஆலை சந்தையில் எவ்வளவு சிறியது என்று காட்ட வேண்டும். அப்படிக் காட்ட, சந்தை எது என்று முதலில் வரையறுக்க வேண்டும். அதில் நம் ஊர் அனுபவம் உதவும். தோவாளையில் கட்டிய பூ ஓணம் நேரத்தில் திருவனந்தபுரத்துக்குப் போகிறது. தோவாளை விலையை அங்கே இருக்கும் தேவை ஏற்றுகிறது. ரப்பரும் அப்படியே. குலசேகரத்து ஷீட் கடைக்காரர் காலையில் முதலில் பார்ப்பது கோட்டயம் விலையைத்தான். களியக்காவிளை சோதனைச்சாவடி மாநிலத்தின் எல்லை, ஆனால் ரப்பர் சந்தையின் எல்லை அல்ல. 'கன்னியாகுமரி மாவட்டம்' என்று சந்தையைச் சுருக்கினால் மருமகன் ஆலை பெரிய ஆளாகத் தெரியும். கேரளத்தையும் சேர்த்து, வாங்குபவரும் விற்பவரும் உண்மையில் எங்கே போகிறார்களோ அதை வைத்து வரைந்தால் அது ஒரு துளி. ஆனால் பச்சைப் பால் வேறு கதை. வெட்டிய பால் உறைவதற்குள் ஆலைக்குப் போக வேண்டும், அதனால் அதன் சந்தை சிறியது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நாம் சொல்லாவிட்டால் வேறு யாராவது சொல்வார்கள்.

படிவத்தை நிரப்பும் முன் ஆணையத்தின் அதிகாரிகளோடு ஒரு முன்கலந்தாய்வு கேட்கலாம். அங்கே சொல்லப்படுவது யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனாலும் எந்த விவரம் கேட்பார்கள், எந்தப் பொருளைத் தனிச் சந்தையாகப் பார்ப்பார்கள் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. குறைபாடுள்ள நோட்டீஸ் கொடுத்துத் திருப்பி வாங்கினால் 30 நாள் என்பது கைக்கு எட்டாமலே போகும். முன்கலந்தாய்வுக்குச் செலவிடும் இரண்டு மூன்று வாரத்தை நான் ஒருபோதும் வீண் என்று நினைத்ததில்லை.

படிவம் 2 பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஒரே பொருளில் இருவரின் சந்தைப் பங்கு சேர்ந்து 15 சதவீதத்தைத் தாண்டினால், அல்லது மூலப்பொருள் தொடரில் 25 சதவீதத்தைத் தாண்டினால் அது பொருந்தும். கட்டணம் 90 லட்சம், கேட்கும் விவரமும் பல மடங்கு. நம் உதாரணம் அங்கே போகாது. போகும் நிலையில் இருப்பவர்கள், சில சரக்குகளை விற்றுவிட்டால் ஒப்புதல் கிடைக்குமா என்றும் யோசிக்க வேண்டும். 2014 டிசம்பரில் சன் பார்மா ரான்பாக்ஸியை எடுத்தபோது ஏழு மருந்துப் பிராண்டுகளை வேறொருவருக்கு விற்கும் நிபந்தனையோடுதான் ஆணையம் ஒப்புக்கொண்டது.

ஐந்தாவதாக ஒரு வழியை எல்லாக் குடும்பத்திலும் யாராவது ஒரு மச்சான் சொல்வார்: "துண்டு துண்டாப் பிரிச்சு விப்போம். இந்த வருஷம் கொஞ்சம் பங்கு, அடுத்த வருஷம் மிச்சம்." வேண்டவே வேண்டாம். ஒரே நோக்கத்துக்காகச் செய்யும் பல படிகளை ஆணையம் ஒன்றாகச் சேர்த்துத்தான் பார்க்கும். நோக்கத்தை மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமேசான்–பியூச்சர் கூப்பன்ஸ் வழக்கு இருக்கிறது. பியூச்சர் கூப்பன்ஸ் கம்பெனியில் அமேசான் பங்கு வாங்க 2019இல் கொடுத்த ஒப்புதலை 2021 டிசம்பரில் ஆணையம் நிறுத்திவைத்து, சுமார் 202 கோடி அபராதம் விதித்து, படிவம் 2இல் புதிதாக நோட்டீஸ் கொடுக்கச் சொன்னது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் 2022 ஜூனில் அதை ஏற்றது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அதுதான் கதி.

எந்த வழியில் நோட்டீஸ் கொடுத்தாலும், ஒப்புதல் வரும்வரை இரண்டு கம்பெனியும் இரண்டாகவே இருக்க வேண்டும். குடும்பக் கம்பெனிகள் இதில் அறியாமல் தவறுகின்றன. கையெழுத்தான மறுநாளே வாங்குபவரின் மேலாளர் வந்து கிடங்கில் உட்கார்ந்து, 'இனி அந்த ஏஜென்டிடம் பால் எடுக்காதே' என்று சொல்வார். நம் ஆட்களும் 'நாளைக்கு முதலாளி அவர்தானே' என்று கேட்டுக்கொள்வார்கள். அனுமதிக்கு முன்பே இணைந்ததாக அது பார்க்கப்படலாம். அதற்கான அபராதம் மொத்த விற்றுமுதல், சொத்து, ஒப்பந்த மதிப்பு இவற்றில் எது அதிகமோ அதில் ஒரு சதவீதம் வரை. விலைப்பட்டியலையும் வாடிக்கையாளர் பட்டியலையும் வாங்குபவரின் விற்பனைப் பிரிவுக்கு அனுப்புவதும் இதே ரகம். விலை மதிப்பிட அந்த விவரம் தேவைதான். அன்றாட விற்பனையில் சம்பந்தப்படாத சிலர் மட்டும் பார்க்கும்படி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

தோட்டக்காரர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐந்து டயர் கம்பெனிகள் சேர்ந்து விலை பேசியதாக ஆணையம் 1,788 கோடி அபராதம் விதித்த உத்தரவு 2022 பிப்ரவரியில் வெளியே வந்தபோது நம் பக்கத்து ரப்பர்க் கடைகளிலும் அதுதான் பேச்சு. பிறகு தீர்ப்பாயம் அந்த உத்தரவை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பியது. அது கூட்டுச்சதி பற்றிய வழக்கு, கைமாற்றம் அல்ல. ஆனால் ஆணையம் என்ற ஒன்று எதற்கு இருக்கிறது என்பது அன்று பலருக்குப் புரிந்தது. இணைப்பு நோட்டீஸ்களின் சுருக்கமும் ஆணையத்தின் இணையதளத்தில் வருகிறது. விசாரணை இரண்டாம் கட்டத்துக்குப் போனால் பொதுமக்களின் கருத்தையும் கேட்கிறார்கள். உங்கள் பாலை வாங்கும் ஆலை கைமாறுகிறது என்றால், அந்தச் சுருக்கத்தைப் படித்துப் பார்க்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

திண்ணைக்கு வருகிறேன். நம் கற்பனைக் குடும்பத்துக்கு நான் சொல்வது படிவம் 1, அதற்கு முன் ஒரு முன்கலந்தாய்வு. விலக்கு வேண்டுமானால் தள்ளுபடி உண்மையிலேயே தள்ளுபடியாக இருக்க வேண்டும், இங்கே இல்லை. பச்சை வழி வேண்டுமானால் மருமகன் ஆலையின் 15 சதவீதத்தையும் அங்கே கிடக்கும் 11 சதவீதத்தையும் நோட்டீஸுக்கு முன்பே உண்மையாகவே விற்றுத் தீர்த்திருக்க வேண்டும். அதை அவசரமாகச் செய்தால் அதற்கும் ஒரு விளக்கம் எழுத வேண்டிவரும். அதைவிட, இருப்பதை இருக்கிறபடி சொல்லி முப்பது நாள் காத்திருப்பது மேல்.

நாள் கணக்கும் இடிக்காது. ஜூன் மழையில் வெட்டு குறைந்திருக்கும்போது பங்குப் பதிவேடுகளையும் பழைய இயக்குநர் கூட்டக் குறிப்புகளையும் எடுத்து வைத்துவிடலாம். ஜூலையில் முன்கலந்தாய்வு, ஆகஸ்டு முதல் வாரத்தில் நோட்டீஸ். கேள்விகள் வந்து பதில் சொல்லி நாலு நாள் கூடினாலும் செப்டம்பர் கடைசிக்குள் பதில் கைக்கு வந்துவிடும். மருமகனிடம் மட்டும் இன்றே பேசிவிடுங்கள். அவருடைய ஆலையின் கணக்கு இல்லாமல் படிவத்தின் பாதிப் பக்கம் காலியாக நிற்கும்.